சின்னப் பிள்ளைகளுக்குப் பாடம் எடுக்க வருகிறீர்களா? உங்கள் கற்பித்தல் கொள்கையை எழுதும் வழி

தனியார் பள்ளி நேர்காணலில் "உங்க டீச்சிங் பிலாசஃபி என்ன மேடம்?" என்று கேட்கிறார்கள். ஆசிரியர் பயிற்சியில் இருப்பவர்களை அதைப் பற்றி ஒரு பக்கம் எழுதி வரச் சொல்கிறார்கள். அரசுப் பள்ளியில் சேர்ந்தால் யாரும் கேட்பதில்லை. அதனாலேயே பலர் அப்படி ஒன்று இல்லாமலே ஓய்வு பெற்றுவிடுகிறோம்.

கேட்ட இடத்தில் பெரும்பாலும் எழுதப்படுவது இதுதான்: "குழந்தைகள் களிமண் போன்றவர்கள், ஆசிரியர் குயவர்." படிக்க நன்றாக இருக்கிறது. ஆனால் திங்கள்கிழமை காலை பத்தேகாலுக்கு, ஒரே சிலேட்டைப் பிடித்துக்கொண்டு இரண்டு பேர் இழுக்கும்போது நீங்கள் என்ன செய்ய வேண்டும் என்று அந்த வாக்கியம் சொல்வதில்லை. அதைச் சொல்கிற வாக்கியங்களைத்தான் நான் கொள்கை என்கிறேன். மூன்றிலிருந்து எட்டு வயதுப் பிள்ளைகளோடு வேலை செய்ய வருகிற யாருக்கும், அங்கன்வாடி, எல்கேஜி, ஒன்றாம் வகுப்பு, மாலை நேரத் தன்னார்வலர் என்று எந்த வேலையானாலும், கீழே சொல்லும் முறை பொருந்தும்.

முதலில் எழுதாதீர்கள், பாருங்கள்

சேர்ந்த முதல் இரண்டு மூன்று வாரம் கொள்கை எழுத உட்கார வேண்டாம். ஒரு சின்ன நோட்டு வாங்கி, ஒரு பிள்ளைக்கு ஒரு பக்கம் என்று பெயர் எழுதி வைத்துக்கொள்ளுங்கள். தினமும் நான்கைந்து பேரைப் பற்றி ஓரிரு வரி எழுதினால் போதும். நிபந்தனை ஒன்றே ஒன்று: கண்ணால் பார்த்ததை எழுதுங்கள், தீர்ப்பை எழுதாதீர்கள். "சோம்பேறி", "மந்தம்", "வாலு" மூன்றும் தீர்ப்பு. "கதை சொன்னால் நகர்ந்து நகர்ந்து முன்னால் வந்துவிடுகிறான், நோட்டை எடுக்கச் சொன்னதும் தண்ணீர் குடிக்கப் போகணும் என்கிறான்" என்பது பார்த்தது. இதை இரண்டு முறை எழுதினாலே, அவனுக்குத் தகராறு பென்சிலோடுதான், பாடத்தோடு இல்லை என்று பிடிபட்டுவிடும்.

எதையெல்லாம் பார்ப்பது? வீட்டில் என்ன மொழி என்பது முதலில். ஓசூர்ப் பக்கம் தெலுங்கும் கன்னடமும், மதுரையில் சௌராஷ்டிரம், நீலகிரியில் படுகு, திருவள்ளூர் மாவட்டச் செங்கல் சூளைகளை ஒட்டிய பள்ளிகளில் ஒடியா, திருப்பூரில் இந்தி. வாயே திறக்காத பிள்ளையைக் கூச்ச சுபாவம் என்று எழுதி முடித்துவிடுகிறோம். நாம் பேசுவது அதற்குப் புரியாமலே இருக்கலாம். அப்புறம் வயிறு. அரசுத் தொடக்கப் பள்ளிகளில் 2022 செப்டம்பரில் காலை உணவுத் திட்டம் தொடங்கி, 2023 ஆகஸ்டில் எல்லா அரசுத் தொடக்கப் பள்ளிகளுக்கும் வந்துவிட்டது. ஆனாலும் தாமதமாக வந்து அதைத் தவறவிடுகிற பிள்ளை வகுப்புக்கு ஒன்றாவது இருக்கும். தனியார் பள்ளியில் வேறு கதை: ஆறரைக்கு எழுப்பி, இரண்டு பிஸ்கட்டோடு வேனில் ஏற்றிவிடப்பட்டு, பதினொரு மணிக்கு மேசையில் தலை சாய்க்கிற பிள்ளை.

கண்ணைச் சுருக்கிப் பலகையைப் பார்ப்பவர், நீங்கள் சொன்னதும் செய்யாமல் பக்கத்தில் இருப்பவர் என்ன செய்கிறார் என்று பார்த்துவிட்டுச் செய்பவர் - இவர்களைத் தனியாகக் குறித்துக்கொள்ளுங்கள். முதலாமவருக்குக் கண்ணாடியும் இரண்டாமவருக்குக் காது பரிசோதனையும் தேவைப்படலாம். உடம்பில் காயம், திடீரென்று யாரிடமும் ஒட்டாமல் போவது என்று ஏதாவது பட்டால் நோட்டோடு நிறுத்தக் கூடாது. தலைமை ஆசிரியரிடம் சொல்லுங்கள். குழந்தைகளுக்கான 1098 உதவி எண் இருப்பதும் நினைவில் இருக்கட்டும்.

மூன்று கேள்விகள்

நோட்டு ஓரளவு நிரம்பியதும் ஒரு தாளில் மூன்று கேள்விகளுக்குப் பதில் எழுதுங்கள். பிறருக்குக் காட்ட வேண்டியதில்லை, எனவே அழகாக எழுத வேண்டியதில்லை.

இந்த வயதுப் பிள்ளை எப்படிக் கற்றுக்கொள்கிறது? ஆசிரியர் தகுதித் தேர்வுக்குப் படித்த பியாஜே, வைகோட்ஸ்கி போன்ற குழந்தை உளவியல் அறிஞர்கள் எல்லாம் விடைக்குறிப்பாக நினைவில் இருப்பார்கள். அவர்களைக் கொஞ்சம் ஓரமாக வைத்துவிட்டு, உங்கள் நோட்டிலிருந்து பதில் சொல்லுங்கள். உங்கள் பிள்ளைகள் பாட்டை எப்படிப் பிடித்தார்கள்? பம்பரம் சுற்ற யாரிடம் பழகினார்கள்? ஒரே கதையை எத்தனை தடவை கேட்கிறார்கள்?

வகுப்பில் நான் யார்? சொல்பவரா, காட்டுபவரா, காவல்காரரா, கூட விளையாடுபவரா? நாளின் வெவ்வேறு நேரத்தில் வெவ்வேறு ஆள் என்று பதில் வந்தாலும் சரி.

மூன்றாவது கேள்விதான் ஆளைக் காட்டிக்கொடுக்கும். ஒரு பிள்ளை கற்கவில்லை என்றால் அது யார் பொறுப்பு? "வீட்டில் கவனிப்பதில்லை", "அப்பா குடிகாரர்", "அங்கன்வாடியில் ஒன்றும் சொல்லித் தரவில்லை", "ஆப்சென்ட் அதிகம்" - ஆசிரியர் அறையில் தினமும் கேட்கிற பதில்கள் இவை. பெரும்பாலும் உண்மையும்கூட. ஆனால் இந்தப் பதில்களில் எதை வைத்துக்கொண்டும் நாளைக்கு வகுப்பில் ஒன்றும் செய்ய முடியாது. அதனால் கேள்வியை இப்படித் திருப்பிப் பாருங்கள்: இந்தக் காரணங்கள் எல்லாம் இருக்கும்போதே, காலை ஒன்பதரையிலிருந்து மாலை வரை என் கையில் இருக்கிற நேரத்தில் நான் மாற்றக்கூடியது எது? வாரத்தில் இரண்டு நாள் வராத பிள்ளைக்கு, வருகிற நாளில் விட்ட இடத்தைப் பிடிக்க வகுப்பில் வழி இருக்கிறதா? இதற்கு வரும் பதில் அநேகமாக உங்கள் கொள்கையின் முதல் வரியாக அமையும்.

பெரியவர்கள் சொன்னது, அளவாக

எல்லாப் பெயர்களையும் படிக்க வேண்டாம். இரண்டு மூன்று பேர் என்ன முடிவெடுத்தார்கள் என்று தெரிந்தால் போதும்.

இத்தாலிய மருத்துவரும் கல்வியாளருமான மரியா மாண்டிசோரி 1907இல் ரோமில் ஏழைத் தொழிலாளர் குடியிருப்பில் 'குழந்தைகள் இல்லம்' என்ற தன் முதல் பள்ளியைத் தொடங்கினார். 1939இல் சென்னை அடையாற்றுக்கு வந்தவர், போர் காரணமாகத் திரும்ப முடியாமல் இந்தியாவிலேயே தங்கி, கொடைக்கானலிலும் சில காலம் இருந்தார். அவர் எடுத்த முக்கியமான முடிவுகளில் ஒன்று, வெவ்வேறு வயதுப் பிள்ளைகளை ஒரே அறையில் சேர்த்து வைப்பது. பெரியது சின்னதுக்குக் காட்டும், சின்னது பெரியதைப் பார்த்துப் பழகும். வசதியான பள்ளிகள் இதற்குத் தனிக் கட்டணம் வாங்குகின்றன. நம் ஈராசிரியர் பள்ளிகளில் இதே ஏற்பாடு இலவசமாக இருக்கிறது. நாம் அதைக் குறையாகச் சொல்லிக்கொண்டிருக்கிறோம்.

ஆந்திராவின் ரிஷிவேலி கிராமப்புறப் பள்ளிகளின் முறையைப் பார்த்து, சென்னை மாநகராட்சிப் பள்ளிகளில் 2003 வாக்கில் செயல்வழிக் கற்றல் தொடங்கியது. பிறகு மாநிலம் முழுவதும் போனது. பிள்ளை தன் வேகத்தில் எடுத்துப் படிக்கிற அட்டைகளும், எந்தப் படியில் இருக்கிறது என்று காட்டுகிற ஏணிப் படமும்தான் எல்லோருக்கும் நினைவிருக்கிறது. எனக்கு அதில் பிடித்தது, சுவரின் கீழ்ப்பகுதியில் பிள்ளையின் உயரத்துக்குக் கரும்பலகை அடித்ததும், ஆசிரியரைத் தரையில் பாயில் உட்கார வைத்ததும். பலகை யார் உயரத்தில் இருக்கிறது என்பதே ஒரு கொள்கைதான். 2022இல் வந்த எண்ணும் எழுத்தும் திட்டம் பிள்ளைகளை வகுப்பை வைத்துப் பிரிக்காமல், தெரிந்த அளவை வைத்து அரும்பு, மொட்டு, மலர் என்று பிரித்தது. அதிலும் ஒரு முடிவு இருக்கிறது: மூன்றாம் வகுப்பில் உட்கார்ந்திருப்பதாலேயே ஒரு பிள்ளைக்கு மூன்றாம் வகுப்புப் பாடம் வந்துவிடாது.

ஒரு எச்சரிக்கை. பொருளை வாங்குவது கொள்கையை வாங்குவதாகாது. எண்ணப் பழக்கும் மாண்டிசோரி மணிச்சரங்களைக் கண்ணாடி அலமாரியில் பூட்டி வைத்து, ஆய்வுக்கு ஆள் வரும்போது மட்டும் திறக்கிற பள்ளிகளை நீங்களே பார்ப்பீர்கள்.

ஒரு நம்பிக்கை, ஒரு செயல், ஒரு அடையாளம்

இதுதான் முக்கியமான படி. ஒரு நம்பிக்கையை ஒரு வரியில் எழுதுங்கள். அதற்குக் கீழே, அதற்காகத் தினமும் செய்யப்போவதை எழுதுங்கள். அதற்கும் கீழே, அது நடக்கிறது என்பதற்கு வகுப்பில் எதைப் பார்த்தால் தெரியும் என்று எழுதுங்கள். மூன்றில் ஒன்று எழுத வரவில்லை என்றால் அந்த நம்பிக்கை இன்னும் உங்களுடையதாகவில்லை, தள்ளி வையுங்கள். ஐந்தாறு நம்பிக்கைகள் தேறினால் தாராளம்.

"பேச்சு முந்தி, எழுத்து பிந்தி" என்று வைத்துக்கொள்வோம். செயல்: காலையில் முதல் அரை மணி நேரம் பேச்சு. நேற்று வீட்டில் என்ன குழம்பு, வழியில் எந்த நாய் துரத்தியது, யார் ஊருக்குப் போனார்கள். ஒருவர் சொன்னதை நீங்கள் பலகையில் அப்படியே அவர் வார்த்தையில் எழுதிப் படித்துக் காட்டுங்கள். "எங்க ஆயா ஊருக்குப் போயிருச்சு" என்றால் அப்படியே. தான் பேசியது பலகையில் நிற்பதைப் பார்க்கும்போதுதான் எழுத்து எதற்கு என்று பிள்ளைக்குப் புரிகிறது. அடையாளம்: மாதக் கடைசிக்குள் வகுப்பில் ஒவ்வொருவரும் ஒரு தடவையாவது தானாக வந்து ஏதாவது சொல்லியிருக்க வேண்டும். சொல்லாதவர் பெயர் நோட்டில் இருக்கும்.

எழுத்துக்கு வரும்போது 247ஐயும் வரிசையாக ஒப்பிக்க வைப்பதா, ட, ப, ம என்று எளிய வடிவங்களில் தொடங்கி உடனே படம், பட்டம், மடம் என்று சொல்லுக்குப் போவதா என்று நீங்கள் முடிவெடுத்தாக வேண்டும். நான் இரண்டாவது கட்சி. 'அ' வளைந்து வளைந்து போகிற எழுத்து. நான்கு வயது விரலுக்கு அதைவிடக் கஷ்டமான தொடக்கம் கிடைக்காது. தமிழில் இன்னொரு சிக்கலும் உண்டு. 'கடல்', 'சங்கம்', 'பகல்' மூன்றிலும் ஒரே 'க', ஒலி மட்டும் வேறு வேறு. தனி எழுத்தாக மட்டும் பழகிய பிள்ளை எழுத்துக் கூட்டிவிட்டுச் சொல்லைப் பிடிக்க முடியாமல் நிற்கும். சொல்லோடு பழகிய பிள்ளை திணறினாலும் தாண்டிவிடும்.

"விரல் பழகிய பிறகு பென்சில்" என்பது இன்னொன்று. செயல்: மண்ணில் விரலால் வரைவது, களிமண் உருட்டுவது, செய்தித்தாளைக் கோட்டில் கிழிப்பது, மணி கோப்பது. அடையாளம்: பென்சிலை முஷ்டியில் பிடிக்காமல் விரலில் பிடிக்கிறார்கள், ஒரு வரி எழுதியதும் கையை உதறுவதில்லை. இந்த நம்பிக்கைக்கு எதிர்ப்பு உள்ளேயிருந்து வராது, வாசலில் இருந்து வரும். "என்ன மிஸ், நோட்டுல ஒண்ணுமே எழுதலையே? பக்கத்து ஸ்கூல்ல ஏபிசிடி முடிச்சுட்டாங்க" என்பார்கள். அதற்கு விரிவுரை வேண்டாம். பிள்ளை உருட்டிய களிமண்ணையும் கிழித்து ஒட்டிய தாளையும் தேதி போட்டு ஒரு உறையில் சேர்த்து வைத்து, மாதம் ஒரு முறை கையில் கொடுங்கள். பெற்றோருக்கு வேண்டியது கண்ணால் பார்க்க ஏதாவது ஒன்று. நோட்டு மட்டும்தான் அதைக் கொடுக்கிறது என்பதால்தான் நோட்டைக் கேட்கிறார்கள்.

கணக்குக்கு ஈர்க்குச்சியும் புளியங்கொட்டையும் போதும். பத்துப் பத்தாகக் கட்டிய குச்சிக்கட்டை அவிழ்த்துக் கழிக்கத் தெரிந்த பிள்ளைக்குக் கடன் வாங்கிக் கழித்தலைத் தனியாக விளக்க வேண்டியிருக்காது. மூன்று வயதுக்காரர்களிடம் மட்டும் கொட்டை, மணி, பட்டாணி எதையும் கொடுத்துவிட்டுத் திரும்பாதீர்கள். மூக்கில் போட்டுக்கொள்ளும் வயது. அவர்களுக்குத் தேங்காய்ச் சிரட்டை மாதிரிப் பெரிய பொருள்கள்.

தவறுகளைத் திருத்துவதற்கும் ஒரு வரி வேண்டும். 'பள்ளி'யைப் 'பல்லி' என்று எழுதினால் சிவப்பு மையில் அடிப்பீர்களா, அப்படியே விடுவீர்களா, படித்துக் காட்டச் சொல்வீர்களா? இரண்டாம் வகுப்பில் நான் செய்வது: முழுக் கதையாக எழுதியிருந்தால் ஒரே ஒரு வகைத் தவறை மட்டும் எடுத்துக்கொள்வேன், மற்றதை அடுத்த வாரத்துக்கு விடுவேன். சிவப்பு மை நிறைந்த பக்கத்தைப் பார்த்த பிள்ளை அடுத்த முறை இரண்டு வரிக் கதைதான் எழுதும்.

கம்புக்குப் பதில் என்ன?

2009ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டம், பிரிவு 17, உடல் ரீதியான தண்டனையையும் மன ரீதியான துன்புறுத்தலையும் தடை செய்கிறது. ஆனால் சேர்க்கை அன்றே ஒரு அப்பா வந்து "கண்ணை மட்டும் விட்டுட்டு மத்ததெல்லாம் உரிச்சிடுங்க டீச்சர்" என்று அனுமதி கொடுத்துவிட்டுப் போவார். அந்த அனுமதியைச் சிரித்துக்கொண்டே திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.

"நான் அடிக்க மாட்டேன்" என்று எல்லோரும் எழுதுகிறோம். அதற்குப் பதிலாக என்ன செய்வோம் என்று எழுதுவதில்லை. ஜூலை மாத மழை நாளில், வெளியே விடவும் முடியாமல் முப்பது பேர் கத்தும்போது, எழுதி வைக்காத அந்த இடத்தில்தான் ஸ்கேல் கைக்கு வருகிறது. அதனால் இந்தப் பகுதியை மற்றவற்றைவிட நீளமாக எழுதுங்கள்.

சத்தத்திலிருந்து தொடங்குங்கள். எந்தச் சத்தம் உங்களுக்குச் சம்மதம்? குழுவில் வேலை செய்யும்போது வரும் சத்தம் வேறு, சண்டைச் சத்தம் வேறு. "கையக் கட்டு, வாய மூடு" என்பதை எல்லாவற்றுக்கும் பயன்படுத்தினால் இரண்டு வாரத்தில் அது தேய்ந்துவிடும். கவனம் திருப்ப ஒரு கைத்தட்டல் தாளமோ பாதிப் பாட்டோ வைத்துக்கொள்ளுங்கள். நீங்கள் பாதி, பிள்ளைகள் மீதி. ஒரே இடத்தில் உட்கார வைக்கும் நேரத்துக்கு வரம்பு போடுங்கள். ஐந்து வயதுப் பிள்ளையை நாற்பது நிமிடம் உட்கார வைத்துவிட்டு அது நெளிகிறது என்று கோபப்படுவதில் நியாயம் இல்லை.

நாம் இல்லாதபோது லீடரை விட்டுப் பேசுபவர்கள் பெயரைப் பலகையில் எழுத வைப்பது நமக்கெல்லாம் நடந்தது. நாமும் யோசிக்காமல் தொடர்கிறோம். வகுப்பில் நன்றாகப் படிக்கிற ஒரு பிள்ளையை மற்ற பிள்ளைகளுக்கு எதிரியாக்க இதைவிடச் சுலபமான வழி இல்லை. போதாததற்கு 'மிக மிகப் பேசியவர்' என்று பெருக்கல் குறியும் போட வைக்கிறோம். எடுத்துவிடுங்கள் என்பேன். லீடருக்கு வேலை வேண்டும் என்றால் கதைப் புத்தகத்தை எடுத்துக் கொடுப்பது, தண்ணீர்ப் பாட்டில்களை அடுக்குவது என்று ஆயிரம் இருக்கிறது. அதுவும் வாரம் ஒருவராக மாறட்டும்.

சரி, அந்தச் சிலேட்டுச் சண்டை? நான் எழுதி வைத்திருப்பது இப்படி: முதலில் சிலேட்டை நான் வாங்கி வைத்துக்கொள்வேன். யார் முதலில் எடுத்தது என்று விசாரிக்க மாட்டேன், ஏனென்றால் இருவருமே தான்தான் என்பார்கள், பெரும்பாலும் இருவரும் அதை நம்பவும் செய்வார்கள். "ஒரு சிலேட்டு, ரெண்டு பேரு. என்ன பண்ணலாம்?" என்று கேட்டுக் காத்திருப்பேன். நான்கு வயதில் பதில் வராது, நான் இரண்டு வழி சொல்லி ஒன்றைத் தேர்ந்தெடுக்கச் சொல்வேன். ஆறு வயதில் அவர்களே சொல்லிவிடுவார்கள். அடித்த பிள்ளை அடிபட்ட பிள்ளைக்குத் தண்ணீர் கொண்டுவந்து கொடுக்கும். "சாரி சொல்லு" என்று நான் கட்டாயப்படுத்துவதில்லை. வாயால் வருகிற சாரிக்கு ஒரு நொடிதான் ஆகிறது. நீங்கள் வேறு மாதிரி எழுதலாம். ஆனால் எழுதி வையுங்கள்.

உங்கள் பள்ளியில் அது நிற்குமா?

எழுதியதை உங்கள் கால அட்டவணை மேல் வைத்துப் பாருங்கள். அதே கல்வி உரிமைச் சட்டப்படி தொடக்கப் பள்ளியில் 60 பிள்ளைகள் வரை இரண்டு ஆசிரியர்கள்தான். அதாவது ஐந்து வகுப்புக்கு இருவர். ஒருவர் கூட்டத்துக்கோ பயிற்சிக்கோ போனால் மீதி ஒருவர். அன்றைக்கும் நடக்கக்கூடியதாக எது இருக்கிறதோ அது கொள்கை, மற்றது ஆசை. காலைப் பேச்சு அன்றைக்கும் நடக்கும், ஐந்து வகுப்பையும் ஒன்றாக உட்கார வைத்து. குழுவாரியாகச் செய்முறை நடக்காது. அந்த நாளுக்கென்று ஒரு மாற்றுத் திட்டத்தை அடியில் இரண்டு வரியில் எழுதுங்கள்.

மேலிருந்து வரும் திட்டமும் உங்கள் நம்பிக்கையும் முட்டும்போது முழுவதுமாக எதிர்க்கவும் வேண்டாம், முழுவதுமாகச் சரணடையவும் வேண்டாம். பயிற்சித் தாளை இன்று முடிக்க வேண்டும் என்றால் முடியுங்கள்; ஆனால் அதற்கு முன் பத்து நிமிடம் பொருளைக் கையில் கொடுப்பதை எந்தச் சுற்றறிக்கையும் தடுக்கவில்லை.

ஒரு பக்கம்

இனி எழுதலாம். ஒரு பக்கத்துக்கு மேல் போனால் யாரும் படிக்க மாட்டார்கள், நீங்களும். "மாணவர் மையக் கல்வி", "முழுமையான ஆளுமை வளர்ச்சி" போன்றவற்றை எழுதிவிட்டு, அடித்துவிட்டு, அந்த இடத்தில் வகுப்பில் நடப்பதை எழுதுங்கள். கிட்டத்தட்ட இப்படி வரும்:

"என் வகுப்பில் நான்கு, ஐந்து வயதுப் பிள்ளைகள். நாளைப் பேச்சில் தொடங்குவேன். அவர்கள் சொன்னதை அவர்கள் சொற்களிலேயே எழுதிக் காட்டுவேன். காதும் கண்ணும் பழகிய எழுத்தைத்தான் கையால் எழுதக் கேட்பேன். எண்ணைப் பொருளில் தொடங்குவேன். யாரையும் யாரோடும் ஒப்பிட்டுப் பேச மாட்டேன். சண்டையில் தீர்ப்புச் சொல்வதைவிட வழி கேட்பேன். ஒரு பிள்ளை கற்கவில்லை என்றால் முதலில் என் நோட்டைப் பார்ப்பேன், அப்புறம் வீட்டுக்கு ஒரு நடை போவேன்; குறை சொல்லப் போக மாட்டேன்."

அரையாண்டு விடுமுறையிலும் மே மாதத்திலும் எடுத்துப் படித்து, நடக்காத வரிகளை அடித்துவிடுங்கள். புது வரி சேர்க்க அவசரம் இல்லை.

நேர்காணலுக்குப் போகிறவர்கள் இந்தப் பக்கத்தை மனப்பாடம் செய்து ஒப்பிக்க வேண்டாம். ஏதாவது ஒரு வரியைச் சொல்லி, அதற்கு ஒரு பிள்ளையின் உதாரணத்தைப் பெயர் இல்லாமல் சொன்னால் போதும். அவர்கள் கேட்டு முடித்ததும் நீங்களும் கேளுங்கள்: எல்கேஜிக்கு எழுத்து வீட்டுப்பாடம் உண்டா? ஒரு வகுப்பில் எத்தனை பேர்? கூட ஆயாம்மா இருப்பாரா? ஒரு நாளில் வெளியே விளையாட எவ்வளவு நேரம்? இந்த நான்குக்கும் வருகிற பதிலை வைத்து, உங்கள் பக்கத்தில் எந்தெந்த வரி அங்கே நடக்கும் என்று அங்கேயே கணக்குப் போட்டுவிடலாம். சம்பளம் பேசுவதற்கு முன்னால் இந்தக் கணக்கை முடித்துக்கொள்வது நல்லது.